வால்வு திறப்பவருக்கும் ஒரு சான்றிதழ்: சேலத்திலிருந்து வந்த கேள்விகள்

குடிநீர், பாதாளச் சாக்கடை வேலைகளில் இருப்பவர்களுக்கான தொழில் சான்றிதழ் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். பம்ப் ஹவுசிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் 30 வருடம் இருந்தவன் நான். இப்போது பயிற்சி கொடுக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மாபேட்டை பக்கம் 17 வருஷமா வால்வு திறக்கிறேன் சார். எந்தத் தெருவுக்கு எத்தனை திருப்பு என்று கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். கையில் ஒரு காகிதம் இல்லை. சின்னப் பசங்களோட உட்கார்ந்து முதல்ல இருந்து படிக்கணுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. பயிற்சி மையத்தில் ஆர்.பி.எல். என்று கேளுங்கள். தெரிந்த வேலையைச் செய்து காட்ட வேண்டும், விட்டுப்போனதற்கு மட்டும் சிறு பயிற்சி, பிறகு மதிப்பீடு. தொழில் சான்றிதழ்களைப் படிப்படியாக வரிசைப்படுத்தும் தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் வந்தது. அதில் முதலில் 10 படிகள் இருந்தன; 2023இல் திருத்தி 8 ஆக்கினார்கள். உங்களை அதில் ஏதாவது ஒரு படியில் நிறுத்துவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை 1996இல் திருத்தினார்கள், அதன்படி 1999இல் ஆபரேட்டர் சான்றிதழுக்கு வழிகாட்டு நெறிகள் வந்தன. அப்போது அங்கேயும் இதே சிக்கல்: பல வருடமாக நிலையத்தை ஓட்டும் பழைய ஆட்களை என்ன செய்வது? மாநிலங்கள் விரும்பினால் அவர்களை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சான்று அவர் வேலை பார்க்கும் அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் செல்லும் என்று முடிவு செய்தார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. உங்கள் அறிவில் பாதி அம்மாபேட்டையைப் பற்றிய அறிவு. சூரமங்கலத்தில் இறக்கிவிட்டால் வால்வு எங்கே என்று நீங்களும் தேடத்தான் வேண்டும். அதனால் மனசில் இருக்கும் அந்த வரைபடத்தை ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். என்னைக் கேட்டால் அந்த நோட்டையே உங்கள் தேர்வின் ஒரு பகுதியாக வைப்பேன்.

கேள்வி: நான் உதவிப் பொறியாளர். எங்கள் ஆட்களுக்குப் பாடத்திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: புத்தகம் பிறகு, தம்பி. முதலில் நன்றாக வேலை தெரிந்த எட்டுப் பத்துப் பேரைக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வையுங்கள். அதிகாரிகள் அந்த அறையில் வாய் திறக்கக் கூடாது. "காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள், அடுத்து என்ன, எதில் கை நடுங்கும்?" இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதற்கு டேகம் முறை என்று பெயர், கனடாவில் 1960களில் உருவானது. வேலையை நன்றாகச் செய்பவன்தான் அதைச் சரியாக விவரிக்க முடியும் என்பதே இதன் அடிப்படை. சுவர் நிறைந்த பிறகு மத்திய அரசின் குடிநீர், கழிவுநீர்க் கையேடுகளைத் திறந்து சரிபாருங்கள்.

"குடிநீர்ப் பணியாளர்" என்று ஒரே சான்றிதழ் போட்டுவிடாதீர்கள். மேட்டூர் தொட்டில்பட்டியில் காவிரித் தண்ணீரை ஏற்றிச் சுத்தம் செய்பவர் வேறு, சேலத்தில் தெருத்தெருவாகப் பிரித்து விடுபவர் வேறு. முன்னவருக்குப் படிகாரமும் குளோரின் சிலிண்டரும் தெரிய வேண்டும். பின்னவருக்குக் கசிவும் அழுத்தமும். கழிவுநீர் சுத்திகரிப்பில் இருப்பவர் ஒரு லிட்டர் அளவுஜாடியில் சேறு அரை மணி நேரத்தில் எவ்வளவு படிகிறது என்று பார்த்தே தொட்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்று கைப்பழக்கத்துக்கும் மூன்று தேர்வு வேண்டும்.

தேர்வு பேனாவில் முடிந்துவிடவும் கூடாது. ஒரு ஊரில் இரவில் குளோரின் கசிந்தது. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் காற்று வீசும் திசையிலேயே ஓடினார். சான்றிதழே இல்லாத ஹெல்பர்தான் அவர் கையைப் பிடித்து, காற்றுக்கு எதிராக மேட்டுக்கு இழுத்துப் போனார். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில்தான் தங்கும். அம்மோனியா நனைத்த துணியைக் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனால் வெள்ளைப் புகை எழும். இதையெல்லாம் செய்து காட்டாமல் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஐயா, ஏற்காடு மலைக் கிராமத்தில் ஓ.எச்.டி. (மேல்நிலைத் தொட்டி) ஆபரேட்டரா இருக்கேனுங்க. எட்டாவதோட நிறுத்திட்டேன். பயிற்சி சேலத்தில்தானாம், தேர்வில் கணக்கு வருமாம். எனக்கு முடியுங்களா?

பதில்: முடியும் அம்மா. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி நீங்கள் வருவதைவிடப் பயிற்சி கொடுப்பவர் ஏறி வருவதுதான் சரி. உங்கள் தொட்டிதான் வகுப்பறை. சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு பாடமும் உங்களுக்கு உண்டு. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறும். 100 மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக்கு நேராகக் குழாய் போட்டால் 10 கிலோ அழுத்தம் தாங்காமல் இணைப்பு பிய்ந்துவிடும். நடுவில் அழுத்தம் தணிக்கும் தொட்டி எதற்கு என்று சொல்லத் தெரியாதவருக்கு மலையில் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

கணக்கு இவ்வளவுதான். ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் 10,000 லிட்டருக்கு 20 கிராம். நம் கைக்கு வரும் பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 25 பங்கு குளோரின் என்று வைத்துக்கொண்டால், 20 கிராமுக்கு 80 கிராம் பவுடர். உங்கள் தொட்டி எத்தனை பத்தாயிரம் என்று பார்த்துப் பெருக்குங்கள்.

கேள்வி: அப்பா பாதாளச் சாக்கடை அடைப்பு எடுக்கிறார். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால் குழிக்குள் இறங்கலாம் என்று மேஸ்திரி சொல்கிறாராம். உண்மையா?

பதில்: இல்லை மகளே. அப்பாவை இறங்க விடாதே. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது.

அழுகின முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நினைக்கிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த வாயு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாத அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே போகிறார்.

இந்த வேலைக்குச் சான்றிதழ் என்று ஒன்று எழுதினால் அது தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்டிங் லாரியையும் உறிஞ்சும் லாரியையும் ஓட்டுவதற்கும், வாயு அளக்கும் கருவியைப் படிப்பதற்கும், "இறங்க மாட்டேன்" என்று சொல்வதற்கும் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிக்காரர்களைக் குழிக்குள் தள்ளிய ஊர் நம்முடையது. அதே வேலைக்கு முத்திரை குத்திக் கொடுப்பதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியாது. 2023-24இல் தொடங்கிய நமஸ்தே திட்டத்தில் சாக்கடைப் பணியாளர்களைக் கணக்கெடுத்து, பாதுகாப்புக் கருவியும் மருத்துவக் காப்பீடும் கொடுக்கிறார்கள். அப்பா பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று மாநகராட்சியில் கேட்டுப் பார்.

கேள்வி: எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) காண்ட்ராக்ட் வேலை அண்ணா. கம்பெனி மாறினால் சான்றிதழ் போயிடுமா? அதனால் சம்பளம் ஏறுமா?

பதில்: தேசியக் கட்டமைப்பின்படி வாங்கிய சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும், கம்பெனிக்குச் சொந்தமில்லை. ஒரிஜினலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சம்பளம் தானாக ஏறாது. "ஒரு ஷிஃப்டுக்குச் சான்று பெற்ற ஆபரேட்டர் ஒருவர், அவருக்கு இவ்வளவு ஊதியம்" என்று டெண்டரிலேயே எழுதினால்தான் ஏறும். சங்கத்தில் இருந்தால் இந்த ஒரு வரிக்காகப் போராடுங்கள். அது இல்லாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

கேள்வி: பத்தாவது முடித்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவு எடுக்கலாம்?

பதில்: பம்ப் ஆபரேட்டர் கம் மெக்கானிக், ஒரு வருடம். கிடைக்காவிட்டால் எலக்ட்ரீஷியன்.

கேள்வி: ஐயா, ஏற்காட்டிலிருந்து மறுபடியும் நான்தானுங்க. என் தொட்டி 30,000 லிட்டர். 240 கிராம் வருது. சரிங்களா?

பதில்: மிகச் சரி அம்மா. பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்து விடுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். மழை பெய்து கலங்கலாக வந்தால் 240 போதாது. குழாயில் சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தேதியும் அளவும் நோட்டில் எழுதி வையுங்கள், மதிப்பீட்டுக்கு வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.