கணினிப் பக்கம்: பழைய கணினியில் புது கேமரா

கேள்வி: 2005-ல் வாங்கிய எங்கள் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவில் எங்கள் வீட்டு முகப்பு, பட்டாலை, தூண்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். 64 ஜிபி கார்டைக் கார்டு ரீடரில் போட்டால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. கேமராவையே கணினியில் இணைக்க முடியுமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, முதலில் அந்தக் கேள்விக்கு 'நோ' கொடுங்கள். படங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. என் அப்பச்சியின் மணிவிழாப் படங்களை இதே கேள்விக்கு 'யெஸ்' அழுத்தித்தான் இழந்தேன். அப்பச்சியும் ஆத்தாவும் மாலையோடு நிற்கும் படம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இல்லை.

32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை. 2009-ல் வந்தவை. அவற்றில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு எக்ஸ்ஃபேட் என்று பெயர். 2001-ல் வந்த எக்ஸ்பிக்குத் தனியாக ஒரு அப்டேட் போட்டால்தான் அது புரியும். புரியாததை 'காலி கார்டு' என்று நினைத்துக்கொள்கிறது.

கேபிளில் இணைத்தால் கதை வேறு. கார்டைத் திறந்து படிப்பது கேமராவின் வேலை. கணினிக்குப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். இந்த முறைக்குப் பிடிபி என்று பெயர். இது எக்ஸ்பிக்குள்ளேயே இருக்கிறது, சிடி எதுவும் போட வேண்டாம். கேமரா மெனுவில் யூஎஸ்பி என்று ஒரு இடம் இருந்தால் அதில் பிடிபியைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை ஆன் செய்ததும் கணினியில் படங்களை எடுக்கும் ஜன்னல் தானாக வரும்.

வராவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும். கேபிளைப் பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகுங்கள். பல பழைய பெட்டிகளில் முன்பக்கத் துளை ஆடிப்போயிருக்கும்.

அப்புறம் வேகம். மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், ஹார்டுவேர், டிவைஸ் மேனேஜர். யூனிவர்சல் சீரியல் பஸ் வரிசையில் 'என்ஹான்ஸ்டு' என்ற சொல் இருந்தால் யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட் வரை. இல்லையென்றால் பழைய 1.1, வெறும் 12. அதிலும் படங்கள் வரும். ஆனால் 4 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்துவிட்டு ஆரம்பியுங்கள், பாதியில் அணைந்தால் சிரமம்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. அதனால் இந்தக் கணினியில் இணையம் வேண்டாம்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் கார்டை உடனே காலி செய்யாதீர்கள். முகப்புத் தரைப் படம் ஒன்றைத் திறந்து பெரிதாக்குங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூவும் ஓரக் கோடும் பிசிறில்லாமல் தெரிகிறதா பாருங்கள். மற்ற படங்களையும் அப்படியே பார்த்துவிட்டு, இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு மகனிடம் கொடுத்தனுப்புங்கள்.