வெளியீட்டு விலை 949, பட்டியலான அன்றே 872: எதனால்?

கேள்வி: 2022 மே மாதத்தில், பாலிசிதாரர்களுக்கான ஒதுக்கீட்டில் எல்ஐசி பங்குகள் 15 எனக்குத் தலா 889 ரூபாய்க்குக் கிடைத்தன. முதல் நாளே விலை 872 ரூபாயில் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் 550 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 பிப்ரவரியில் 1,000 ரூபாயைத் தாண்டியது. எங்கள் ஊர்க் கிளையில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. விலை மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? 949 என்று நிர்ணயித்ததே தவறா?

பதில்: 949 என்பது விற்பவர் கேட்ட விலை. மத்திய அரசு தன்னிடமிருந்த பங்குகளில் 3.5 சதவீதத்தை, அதாவது சுமார் 22.13 கோடி பங்குகளை விற்க முன்வந்து, 902 முதல் 949 வரை என்று ஒரு வரம்பை அறிவித்தது. விண்ணப்பங்கள் போதுமான அளவுக்கு மேல் வந்ததால் மேல் விலையே உறுதியானது. சிறு முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் விண்ணப்பத்தில் ‘கட்-ஆஃப்’ என்பதை டிக் செய்துவிடுவார்கள், நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; என்ன விலை வந்தாலும் சம்மதம் என்பதே அதன் பொருள். அதில் பேரத்துக்கு இடமில்லை.

பேரம் மே 17 காலையில்தான் தொடங்கியது. பட்டியலாகும் நாளில், அதாவது பங்கு முதன்முதலாகச் சந்தையில் வர்த்தகத்துக்கு வரும் நாளில், வழக்கமான வர்த்தகத்துக்கு முன் ஒரு சிறப்பு அமர்வு நடக்கும். அதில் வாங்குவோர், விற்போர் ஆகிய இரு தரப்பின் ஆர்டர்களையும் திரட்டி, எந்த விலையில் மிக அதிகப் பங்குகள் கைமாறுமோ அதையே தொடக்க விலையாக அறிவிப்பார்கள். தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் அது 872 ஆக அமைந்தது. அந்த விலையில், 60 ரூபாய் தள்ளுபடி பெற்ற உங்களுக்குப் பங்குக்கு 17 ரூபாய்தான் நட்டம். 949 கொடுத்தவருக்கோ 77 ரூபாய். ஒரே பங்கை வைத்திருப்பவர்கள் வெவ்வேறு விலையில் பொறுமை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளை வாசலில் நின்று பார்த்தால் தெரியாத மாற்றங்களும் உண்டு. விண்ணப்பம் தொடங்கிய மே 4 அன்றே ரிசர்வ் வங்கி, முன்னறிவிப்பு இல்லாத கூட்டத்தில், வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. வட்டி ஏறினால், வருங்கால லாபத்துக்கு இன்று கொடுக்கத் தகும் விலை குறையும். எல்ஐசி தானே பெருமளவு பங்குகளை வைத்திருப்பதால், சந்தை சரிந்தால் அதன் சொத்து மதிப்பும் சேர்ந்து சரியும்.

அடுத்தது வரத்து, அதாவது சந்தையில் விற்பனைக்கு வரும் பங்குகளின் அளவு. வெளியீட்டுக்கு முதல் நாள் வாங்கும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்கள் சில காலம் விற்க முடியாது. எல்ஐசியில் அவர்களுக்கான 30 நாள் கட்டுப்பாடு விலகியதும், ஜூன் 13 அன்று விலை 700 ரூபாய்க்குக் கீழே முடிந்தது. ஆனால் சென்செக்ஸும் அன்று 1,456 புள்ளிகள் விழுந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். உணவு விநியோக நிறுவனமான ஜொமேட்டோவின் பங்கில் இது தெளிவாகத் தெரிந்தது: பழைய பங்குதாரர்களுக்கு இருந்த ஓராண்டுத் தடை நீங்கியபின் வந்த முதல் வர்த்தக நாளான 2022 ஜூலை 25 அன்று, விலை ஒரே நாளில் 11 சதவீத அளவுக்கு இறங்கியது. நிறுவனத்தின் வியாபாரம் அன்று காலையில் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. விற்கக்கூடிய பங்குகளின் எண்ணிக்கைதான் கூடியது.

நீங்கள் போட்டது 13,335 ரூபாய். இனி அந்த 889 என்ற எண், விற்கும்போது வரி கணக்கிட மட்டுமே உதவும். விற்பதா வைத்திருப்பதா என்பதை, கையில் பணம் இருந்தால் இன்றைய விலையில் இதை வாங்குவீர்களா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அப்போது ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள்: பொதுமக்கள் வசமுள்ள பங்கை 3.5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்த்த, 2027 மே 16 வரை பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அவகாசம் தந்திருக்கிறது. ஆக, அரசு இன்னும் விற்க வேண்டியிருக்கும்.