யார் எதை முடிவு செய்வது? சேலத்துச் சிறு தொழில்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலம் சுற்றுவட்டார ஆலைகளிலும் கடைகளிலும் கணக்கு, நிர்வாகம் என்று இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, பொறுப்புகளை வகுப்பது பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலரும் பதவிப் பெயரில் இருந்து தொடங்குகிறார்கள். முடிவு யார் கையில் என்பதில் இருந்து தொடங்கினால் பாதிச் சிக்கல் வராது.

சிவதாபுரத்தில் இருந்து: அண்ணா, எங்கள் கொலுசுப் பட்டறையில் ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒரு ஜோடியை முதலில் இருந்து கடைசி வரை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தால் உற்பத்தி கூடுமா?

கூடும். 1776-இல் ஆடம் ஸ்மித் ஒரு குண்டூசிப் பட்டறையைப் பற்றி எழுதினார். வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசி செய்தார்கள். பழக்கம் இல்லாத ஒருவர் தனியாக எல்லாவற்றையும் செய்தால் நாளுக்கு 20 ஊசிகூடத் தேறாது என்பது அவர் கணக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் கை பழகுகிறது, கருவியை மாற்றி மாற்றி எடுக்கும் நேரம் மிச்சமாகிறது.

ஆனால் உங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. நம் ஊரில் ஒரு வீட்டில் கம்பி இழுக்கிறார்கள், இன்னொரு வீட்டில் சலங்கை, அடுத்த தெருவில் பற்றவைப்பு, வேறு இடத்தில் மெருகு. இத்தனை கை மாறியும் தொழில் நடப்பதற்குக் காரணம் தராசு. வெள்ளி எடை போட்டுப் போகிறது, எடை போட்டுத் திரும்புகிறது. கூலியும் சேதாரமும் முன்பே பேசியவை. எந்த இடத்தில் குறைந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

உங்கள் பட்டறையிலும் அதே கணக்குதான். கைமாறும் இடத்தில் அளந்து பார்க்க முடிந்தால் அங்கே பிரியுங்கள். முடியாவிட்டால் பிரிக்காதீர்கள். பற்றவைப்பவர் வேறு, மெருகு போடுபவர் வேறு என்று வைத்து நடுவில் யாரும் பார்க்கவில்லை என்றால், கண்ணி விட்டுப்போன கொலுசு கடையில் இருந்து திரும்பி வரும்போது இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். பற்றவைத்தவரே ஒவ்வொரு கண்ணியையும் விரலால் இழுத்துப் பார்த்து, எடையை நோட்டில் எழுதிவிட்டுக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு வேலையும் பழக்கிவிடுங்கள். தை மாத முகூர்த்தத்துக்கு ஒருவர் ஊருக்குப் போனால் மற்ற ஆறு பேரும் கையைக் கட்டி உட்காரக் கூடாது.

ஆத்தூர் பக்கத்தில் இருந்து: சார், சேகோ (ஜவ்வரிசி) ஆலை எங்களுடையது. அப்பா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார். நடுவில் சூப்பர்வைசர் திண்டாடுகிறார். யாரிடம் பேசுவது?

இந்தக் கேள்வி இந்த மாவட்டத்தில் எனக்கு அதிகம் வருவது. ஹென்றி ஃபாயோல் என்ற பிரெஞ்சுக்காரர், சுரங்க நிறுவனத்தை நடத்தியவர், 1916-இலேயே எழுதிவைத்தார்: ஒரு வேலையாளுக்கு உத்தரவு ஒருவரிடம் இருந்துதான் வர வேண்டும். அவர் சொன்ன காரணம் எளிது. இரண்டு பேர் சொன்னால் அதிகாரம் பலவீனமாகிறது, ஒழுங்கு குலைகிறது.

சேகோ ஆலையில் பிரிப்பது சுலபம், ஏனென்றால் வேலையே தனித்தனிப் படியாக நடக்கிறது. மரவள்ளிக் கிழங்கு வாங்குவது ஒன்று. அரைத்துப் பாலைத் தொட்டியில் தெளியவைத்து, மாவை எடுத்துக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பது இன்னொன்று. மூட்டையைச் சேகோசர்வ் என்ற ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்பி விற்பது மூன்றாவது. வாங்குவது அப்பா, ஆலையும் களமும் சித்தப்பா, இன்றைக்கு விற்பதா சரக்கை நிறுத்துவதா என்பது மட்டும் இருவரும் சேர்ந்து என்று வைக்கலாம்.

கஷ்டம் இதற்கு அப்புறம்தான். களத்தில் மாவு சரியாகக் காயவில்லை என்பதை அப்பா பார்க்கிறார். நாக்கு நுனி வரை வார்த்தை வரும். அவர் அதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும், கூலிக்காரரிடம் அல்ல. அந்த ஒரு நிமிடம் வாயைக் கட்டினால்தான் மற்றதெல்லாம் நிற்கும்.

பெரியவர்களிடம் இதை அரவை சீசன் நடுவில் பேசாதீர்கள். ஆலை நின்றிருக்கும் நேரத்தில், போன சீசனில் தகராறான நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போய், “இதை அடுத்த முறை யார் சொல்லட்டும்?” என்று மட்டும் கேளுங்கள். யார் பெரியவர் என்ற பேச்சே எழாது.

அதே பக்கத்தில் இருந்து இன்னொருவர்: எங்கள் ஆலையில் கிழங்கு வாங்குவது, பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) பார்ப்பது, பணம் கொடுப்பது எல்லாம் ஒரே ஆள். நம்பிக்கையானவர். பிரிக்க வேண்டுமா?

பிரியுங்கள். நான் கணக்கு பார்த்த ஓர் ஆலையில் இப்படித்தான் இருந்தது. விலை பேசியவரே மாவுச்சத்துப் பாயிண்டைப் பார்த்துச் சீட்டில் எழுதுவார், அவரே ரசீதிலும் கையெழுத்துப் போடுவார். வாங்கிய கிழங்குக்கும் கிடைத்த மாவுக்கும் கணக்கு ஒட்டவே இல்லை. ராத்திரி எல்லாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பாயிண்ட் பார்க்கும் வேலையை மட்டும் வேறு பையனிடம் கொடுத்தோம். அடுத்த வாரமே சீட்டில் பாயிண்ட் இறங்கியது. அவர் திருடினார் என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தெரிந்த விவசாயி எதிரில் நிற்கும்போது முள்ளைக் கொஞ்சம் ஏற்றிப் படிக்கத்தான் தோன்றும். வாங்குபவர், அளப்பவர், பணம் கொடுப்பவர் மூவரும் வேறாக இருப்பது நம்பிக்கையானவரையும் காப்பாற்றும்.

இளம்பிள்ளையில் இருந்து: சேலை வியாபாரம். 12 பேர். மொத்தக் கடைகளுக்கும் தருகிறோம், வாட்ஸ்அப்பில் சில்லறையும் போகிறது. கொள்முதல், பேக்கிங், கணக்கு என்று பிரிப்பதா, மொத்தம், சில்லறை என்று பிரிப்பதா?

பெரிய நிறுவனங்களும் இதே கேள்வியில்தான் திணறின. 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் செவர்லே, பியூக், காடிலாக் என்று தனித்தனிப் பிரிவாக நடத்தவிட்டார், பணக் கட்டுப்பாட்டை மட்டும் தலைமையிடத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு காருக்கும் வாடிக்கையாளர் வேறு, அதனால் அது பொருந்தியது.

12 பேரில் எல்லாவற்றையும் இரண்டாக்கினால் இரண்டு கணக்காளர், இரண்டு கொள்முதல் என்று செலவுதான் கூடும். அவை பொதுவாகவே இருக்கட்டும். பேக்கிங்கை மட்டும் பிரியுங்கள். 200 சேலைக் கட்டு லாரிக்குப் போக வேண்டிய அவசரத்தில், ஒரு அக்கா கேட்ட ஒற்றைச் சேலை பார்சல் நான்கு நாள் மூலையில் கிடக்கும். சில்லறைக்கு என்று இரண்டு பேரும் தனி மேசையும் கொடுத்து, அன்றைய பார்சலை அன்றே அனுப்பும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள்.

கல்லூரி மாணவி: சார், மேட்ரிக்ஸ் அமைப்பு என்றால் என்ன?

ஒருவருக்குத் துறைத் தலைவர் ஒருவர், அப்போது நடக்கும் திட்டத்துக்குத் தலைவர் இன்னொருவர் என்று இரண்டு பக்கமும் பதில் சொல்லும் அமைப்பு. கட்டுமானம், மென்பொருள் போல் திட்டம் திட்டமாக வேலை மாறும் இடங்களில் பயன்படும். மேலே சொன்ன சூப்பர்வைசரின் திண்டாட்டம் இதிலும் உண்டும்மா. அந்தத் தலைவர்கள் இருவரும் அடிக்கடி உட்கார்ந்து பேசினால்தான் ஓடும்.

கொண்டலாம்பட்டியில் இருந்து: ஒருவர் எத்தனை பேரை மேய்க்க முடியும்?

வேலையைப் பொறுத்தது. 1933-இல் கிரைக்கூனாஸ் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு தலைவரின் கீழ் ஐந்து பேர் இருந்தால் அவர்களுக்குள் ஏற்படக்கூடிய உறவுகள் 100, ஆறாவது ஆள் வந்தால் 222. நடைமுறையில் அத்தனையும் தினம் வராது. ஆனால் ஒரு ஆள் கூடினால் ஒரு ஆளுக்கான தலைவலி மட்டும் கூடுவதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி தறி ஓட்டினால் இருபது பேரைக்கூடப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு வேலை என்றால் ஐந்தாறில் நிறுத்துங்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் இருந்து: ஏற்காட்டில் ஆறு அறை விடுதி வைத்திருக்கிறேன். மேலாளர் எல்லாவற்றுக்கும் எனக்குப் போன் செய்கிறார். கொஞ்சம் சுயமாக யோசிக்க வைப்பது எப்படி?

அவருக்கு யோசிக்கத் தெரியும், அனுமதி இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு கெய்சர் போய்விட்டது, குழந்தையோடு வந்த குடும்பம் வெந்நீர் கேட்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கும் உங்களுக்குப் போன் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்யலாம் என்பதை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? 5,000 ரூபாய் வரை கேட்காமல் செலவு, காலியாக இருந்தால் அறை மாற்றம், ஒரு இரவு வாடகையில் பாதி வரை தள்ளுபடி. இந்த மூன்றும் அவர் கையில். ஞாயிறு மாலை சீட்டுகளைப் பாருங்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு தப்பான முடிவு வரும். அதற்குத் திட்டினால் மறுநாளே போன் பழையபடி அடிக்கும்.

அவரே காபித் தோட்டத்தையும் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். பழம் பறிக்கும் நேரமும் புத்தாண்டுக் கூட்டமும் ஒன்றாக வரும். அந்த மாதங்களுக்கு மட்டுமாவது பறிப்புக்குத் தனி மேஸ்திரி வையுங்கள்.

அம்மாப்பேட்டையில் இருந்து: மசாலாப் பொடி செய்கிறோம், பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். இன்னும் எல்லாம் நானே பார்க்கிறேன். எதையாவது கட்டாயம் தனியாக அமைக்க வேண்டுமா?

பத்துப் பேர் ஆனதும் பாலியல் தொல்லை புகார்களுக்கு உள் குழு அமைப்பது 2013 சட்டப்படி கட்டாயம் அக்கா. தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியில் இருந்து ஒருவர். இதைத் தள்ளிப்போடாதீர்கள். மற்றதில், உங்கள் கையை விட்டு முதலில் பணவசூலைக் கொடுங்கள். வறுக்கும் பக்குவத்தைக் கடைசியில் கொடுங்கள், உங்கள் பெயர் அதில்தான் இருக்கிறது.

தாரமங்கலத்தில் இருந்து: 15 வருடமாகத் தறிக்கூடத்தைப் பார்க்கும் மேஸ்திரி இருக்கிறார். அவருக்கு மேல் படித்த மேலாளர் ஒருவரைப் போடப்போகிறேன். கோபித்துக்கொள்வாரா?

சொல்லாமல் போட்டால் நிச்சயம் கோபிப்பார், அவரோடு நான்கு நெசவாளரும் போவார்கள். எந்தத் தறியில் யார், யாருக்கு எப்போது லீவு என்பதை மேஸ்திரியிடமே விடுங்கள், அதில் மேலாளர் கை வைக்கக் கூடாது. அனுப்பும் தேதி, தர நோட்டு, நூல் இருப்பு மேலாளருக்கு. இதைப் புது ஆள் வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முன்பே, கூடத்தில் வைத்து அல்ல, மேஸ்திரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். நூல் இருப்பை இத்தனை நாள் மனக்கணக்காக வைத்திருந்தவர் அவர். மேலாளருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறவரும் அவர்தான்.