போனில் படங்களைக் காணோமா? ரெக்கவரி ஆப்பைத் தொடும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

கேள்வி: புது ஆண்ட்ராய்டு போனுக்கு மாறினேன். பழைய போனில் எடுத்த சில வருடப் படங்கள் இதில் தெரியவில்லை. இடம் போதவில்லை என்று போன் சொன்னதால் நடுவில் கொஞ்சம் படங்களை நானே அழித்தும் இருக்கிறேன். பழைய போனின் மெமரி கார்டைப் புதியதில் போட்டால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. ரெக்கவரி ஆப் ஏதாவது போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மட்டுக்கும் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். பழைய போன் இன்னும் கையில் இருந்தால் அதை ரீசெட் செய்து யாரிடமும் தள்ளிவிட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காணாமல் போனதாக நினைக்கும் படங்களில் பெரும்பாலானவை எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கும். போன் மாற்றும்போது அதிகம் நடப்பது, பழைய போனில் ஒரு ஜிமெயில் கணக்கும் புதியதில் இன்னொரு கணக்கும் இருப்பதுதான். கணினி பிரவுசரில் கூகுள் போட்டோஸைத் திறந்து, உங்களிடம் உள்ள எல்லாக் கணக்குகளிலும் ஒவ்வொன்றாக நுழைந்து பாருங்கள். வேலைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கையும் விட்டுவிடாதீர்கள்.

படங்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு தேதியோடு நின்றுவிட்டன என்றால் இடம் தீர்ந்து பேக்கப் நின்றிருக்கலாம். 2021 ஜூனிலிருந்து பேக்கப் ஆகும் படங்கள் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அதை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக் கொள்கின்றன. நின்ற தேதிக்குப் பிந்தைய படங்கள் பழைய போனில் மட்டுமே இருக்கும். அப்புறம், பேக்கப் என்பது வழக்கமாக கேமரா ஃபோல்டருக்கு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்க்ரீன்ஷாட் போன்றவற்றை நாமே தனியாக ஆன் செய்திருந்தால்தான் பேக்கப் ஆகியிருக்கும்.

கூகுள் போட்டோஸின் ஆர்க்கைவ் பகுதியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கை தவறி அங்கே போன படம் முதல் பக்கத்தில் தெரியாது. தேதி குழம்புவதும் உண்டு: வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் எடுத்த தேதி போன்ற விவரங்கள் நீங்கிவிடுவதால், பழைய படம் போனில் வந்து சேர்ந்த தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீங்களே அழித்த படங்களுக்குக் கெடு உண்டு. கூகுள் போட்டோஸின் டிராஷில், பேக்கப் ஆன படம் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள்தான். சாம்சங் கேலரி போன்றவற்றுக்குத் தனி டிராஷ் உண்டு, அதையும் பாருங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பம் இருக்கிறது, அதிலும் 30 நாள். கெடு தாண்டியிருந்தால் வாட்ஸ்அப்பின் 'சென்ட்' ஃபோல்டரில் தேடுங்கள். ஆண்ட்ராய்டில் நீங்கள் பிறருக்கு அனுப்பியவற்றின் நகல் அங்கே இருக்கும், ஆனால் கேலரியில் தெரியாது. ஃபைல் மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். தரம் குறைந்த நகல்தான், ஆனாலும் படம். யாருக்கு அனுப்பினீர்களோ அவரிடமும் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கெல்லாம் இல்லையென்றால், போனின் உள் நினைவகத்திலிருந்து அழிந்த படத்தை ஒரு ஆப் மீட்டுவிடும் என்ற நம்பிக்கையை நான் கொடுக்க மாட்டேன். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் எழுதுகின்றன. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து இது கட்டாயம். ஃபைலை அழித்ததும், அந்த இடம் காலி என்று நினைவகச் சிப்புக்கும் தகவல் போய், அதுவே உள்ளே சுத்தம் செய்துவிடுகிறது. ஆப் கடையில் குவிந்து கிடக்கும் 'போட்டோ ரெக்கவரி' ஆப்கள் பலவும் காட்டுவது கேலரி மிச்சம் வைத்த சின்ன முன்னோட்டப் படங்களையும், அழியாமலே இருக்கும் படங்களையும்தான். அதைப் பெரிதாக்க வேண்டுமானால் பணம் கட்டு என்பார்கள். கூடவே உங்கள் மொத்தப் படங்களையும் பார்க்கும் அனுமதியையும் வாங்கிக்கொள்வார்கள்.

மெமரி கார்டு கதை வேறு, உங்களுக்கு நம்பிக்கை அதிகம் உள்ள இடமும் அதுதான். முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்: பழைய போனில் கார்டைப் போட்டபோது அதை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக அமைத்தீர்களா? அப்படியென்றால் கார்டு கெடவில்லை. அது அந்தப் போனோடு சேர்த்துப் பூட்டப்பட்டது, சாவி பழைய போனுக்குள் இருக்கிறது. கார்டைத் திரும்ப அதிலேயே போட்டால் படங்கள் வந்துவிடும். போனை ரீசெட் செய்தால் சாவி போய்விடும், பிறகு யாராலும் திறக்க முடியாது. ரீசெட் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

சாதாரணக் கார்டுதான் என்றால் கார்டு ரீடரில் வைத்துக் கணினியில் பாருங்கள். சில போன்களுக்கு எக்ஸ்ஃபேட் முறையில் எழுதிய கார்டைப் படிக்கத் தெரியாது, கணினிக்குத் தெரியும். அங்கேயும் ஃபார்மட் கேட்டால் கேன்சல் கொடுங்கள். எர்ரர் சரிபார்க்கும் வேலையையும் இப்போது ஓட்டாதீர்கள். அது கார்டில் எழுதும், எழுதினால் பழையது மேலும் சிதையும். பெரிய எஸ்டி அடாப்டரில் வைத்தால் பக்கத்தில் 'லாக்' என்று ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும், கணினி கார்டில் எதையும் எழுதாமலிருக்க அதை லாக் பக்கம் தள்ளி வையுங்கள்.

கார்டிலிருந்து படங்களை மீட்க நான் சொல்வது போட்டோரெக் (PhotoRec) என்ற கணினி மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தோற்றம்தான் பழங்காலத்துக் கருப்புத் திரை, பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஜன்னல் வைத்த பதிப்பும் கூடவே வருகிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற ஃபோல்டர் பட்டியலைப் பார்க்காமல், ஒரு ஜேபிஜி படம் தொடங்கும் அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடி எடுப்பது அதன் முறை. அதனால் அந்தப் பட்டியல் சிதைந்த கார்டிலிருந்தும் படம் வரும், பழைய பெயர்கள் மட்டும் வராது. மீட்டவற்றைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் ஒருபோதும் வேண்டாம். வந்து குவிவதில் தபால்தலை அளவுப் படங்கள் நிறைய இருக்கும். ஃபைல் அளவின்படி வரிசைப்படுத்திச் சின்னவற்றை ஒதுக்குங்கள். பிறகு 'எடுத்த தேதி' வரிசைக்கு மாற்றினால் பெரும்பாலும் ஒழுங்கு திரும்பிவிடும், கேமரா அந்தத் தேதியைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும்.

முன்பு எப்போதாவது போனைக் கணினியோடு இணைத்திருந்தால் அங்கேயும் தேடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் தேடல் கட்டத்தில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிறகு ஜேபிஜி என்று ஆங்கில எழுத்தில் (*.jpg) அடித்தால் வட்டில் உள்ள அத்தனையும் வரும். ஐபோன் படமென்றால் ஹெச்இஐசி (*.heic) என்றும் ஒரு முறை.

கணினி கார்டை அடையாளமே காணவில்லை, வேறு ரீடரிலும் அப்படித்தான் என்றால் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. டேட்டா ரெக்கவரி ஆய்வகம்தான் வழி, செலவு பிடிக்கும். கார்டைக் கொடுக்கும் முன், படம் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டா, கிடைத்தவற்றின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.