லோக்கல் கார்டியன் கையெழுத்து

அன்புள்ள அம்மா,

தில்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். இங்குள்ள பெண்கள் விடுதிகளின் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். எந்த ஆண்டு தொடங்கியது, யார் கட்டியது என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. மேற்கொண்டு எதைத் தேடுவது? அந்தக் காலத்தில் கட்டுப்பாடு இருந்தாலும் பாதுகாப்பு இருந்தது என்கிறார்களே, உண்மையா? மெஸ்ஸில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைத்ததா?

க., தில்லி

அன்புள்ள க.,

சாப்பாட்டை விடு, அது எந்த விடுதியிலும் தீராத கதை.

இந்திரபிரஸ்தா கல்லூரி 1924, மிராண்டா ஹவுஸ் 1948. பின்னதைத் தொடங்கியவர் துணைவேந்தர் மாரிஸ் குவையர், செங்கல் கட்டடத்தை வடிவமைத்தவர் வால்டர் ஜார்ஜ். உன் ஆய்வில் இதற்கு அரைப் பக்கம் போதும்.

'பாதுகாப்பு இருந்தது' என்று உனக்கு யார் சொன்னார்கள்? விடுதியில் இருந்தவளா, அவளுடைய அப்பாவா? வரலாறு படிக்கிறவள் இதையல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

எண்பதுகளில் நான் இருந்த விடுதியின் பெயர் வேண்டாம். வெளியே ஓர் இரவு தங்க வேண்டுமென்றால் லோக்கல் கார்டியன், அதாவது பெற்றோருக்குப் பதிலாக தில்லியில் நமக்குப் பொறுப்பேற்றவர், கடிதம் தர வேண்டும். அவருடைய மாதிரிக் கையெழுத்து ஆபீஸ் ஃபைலில் இருக்கும். வார்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். என் அறைத்தோழிக்குக் கார்டியன் கரோல்பாகில் இருந்த ஒரு மாமா. பக்கவாதம் வந்து எழுந்த பிறகு அவருக்குக் கை நடுங்கியது, கையெழுத்தின் கடைசிச் சுழி கோணிக்கொண்டு போனது. 'இது அவர் கையெழுத்து இல்லை' என்று கடிதத்தைத் திருப்பிவிட்டார்கள். அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடித்த பட்டுப்புடவை மடியில். 1984 தேர்தலில் வோட்டுப் போட்டவள் அவள். நாட்டை யார் ஆள்வது என்று சொல்லத் தெரிந்தவள், ஓர் இரவு எங்கே தூங்குவது என்று சொல்லக் கூடாது. பையன்கள் விடுதியில் இந்தக் கடிதத்தை யாரும் கேட்டதில்லை.

அந்த மாமாவையும் மாமியையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, ரசம் சாதம் போட்டு, டப்பாவில் முறுக்கும் கட்டிக்கொடுத்தவர்கள். அவர்கள் அன்பை வாங்கி நிர்வாகம் பூட்டாக்கிக்கொண்டது. இதுதான் என் வாதம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் சக்ஷம் அறிக்கை 2013-லேயே சொல்லிவிட்டது, பாதுகாப்பைக் காட்டி விடுதிப் பெண்களுக்கு மட்டும் பாரபட்சமான விதி போடக் கூடாது என்று. ஆனாலும் 2015-ல் தில்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' என்று தெருவுக்கு வரவேண்டியிருந்தது. கூண்டை உடை என்று அவர்கள் கத்தியபோது, அறுபதை நெருங்கிய நான் வீட்டில் டிவி முன்னால் அழுதேன்.

அதனால் கட்டடத்தை விட்டுவிட்டு கேட் ரெஜிஸ்டரைத் தேடு. யார், எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று பத்தி பத்தியாக இருக்கும். பழைய ரெஜிஸ்டர்களை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்றால், கரோல்பாகிலும் ஆர்.கே.புரத்திலும் கார்டியனாகக் கையெழுத்துப் போட்ட மாமிகள் இருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளோடு நொய்டா பக்கம் போய்விட்டார்கள். எத்தனை பெண்களுக்குப் போட்டீர்கள், எதற்கு மறுத்தீர்கள் என்று கேள். எண்பது தாண்டியவர்கள். செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே, இந்த ஞாயிறே போ.