கேள்வி–பதில்: ஓட்டுக்கேற்ற இடம்

கே: அதிக ஓட்டு வாங்கிய கட்சி தோற்பதும், குறைவாக வாங்கியது ஆட்சி அமைப்பதும் நியாயமா? இதை மாற்றிய நாடு உண்டா? (வாசகர், திருச்சி)

ப: நியாயமில்லை. மாற்றிய நாடு நியூசிலாந்து. 1981-ல் அங்கே லேபர் கட்சி 39.0 சதவீத ஓட்டுக்கு 43 இடங்கள் பெற்றது. 38.8 சதவீதம் வாங்கிய நேஷனல் கட்சி 47 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. சோஷியல் கிரெடிட் கட்சிக்கு 20.7 சதவீத ஓட்டு, இடங்கள் இரண்டே. நாடெங்கும் சிதறிய ஓட்டும், கோட்டைகளில் தேவைக்கு மேல் குவிந்த ஓட்டும் தொகுதி முறையில் வீணாகின்றன.

1985-ல் தேர்தல் முறையை ஆராய நீதிபதி ஜான் வாலஸ் தலைமையில் ஐவர் ஆணையம் அமைந்தது. எந்த முறை வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. முதலில் 10 அளவுகோல்களை வகுத்தார்கள். கட்சிகளுக்கிடையே நியாயம், பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிரதிநிதித்துவம், திறமான ஆட்சி ஆகியவை அவற்றில் சில. அதற்குப் பிறகே ஒவ்வொரு முறையையும் உரசிப் பார்த்து, 1986-ல் கலப்பு விகிதாசார முறையை, அதாவது தொகுதிகளை வைத்துக்கொண்டே மொத்த இடங்களைக் கட்சி ஓட்டுக்கேற்பப் பங்கிடும் முறையை, பரிந்துரைத்தார்கள். இந்த வரிசைதான் முக்கியம். முறையை முதலில் தேர்ந்துவிட்டால், அளவுகோல்கள் அதற்கேற்ப வளைக்கப்படும்.

முடிவையும் கட்சிகளிடம் விடவில்லை. 1992 வாக்கெடுப்பில் இரண்டு கேள்விகள்: மாற்றம் வேண்டுமா, வேண்டுமென்றால் நான்கு மாற்று முறைகளில் எது? 84.7 சதவீதம் பேர் மாற்றம் கேட்டார்கள். 1993-ல் பழையதா புதியதா என்ற நேரடிப் போட்டியில் புதியது 53.9 சதவீதத்தில் வென்றது. முதல் தேர்தல் 1996-ல்.

கே: கணக்கு எப்படி? (வாசகி, கோவை)

ப: ஒருவருக்கு இரண்டு ஓட்டு, ஒன்று கட்சிக்கு, மற்றது தொகுதி வேட்பாளருக்கு. ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 3, 5, 7 என்ற எண்களால் வரிசையாக வகுத்து, பெரிய ஈவுகளின் வரிசையில் 120 இடங்களையும் பங்கிடுவார்கள். 40 இடங்களுக்கு உரிய கட்சி 28 தொகுதிகளில் வென்றிருந்தால், மீதி 12 அந்தக் கட்சி முன்பே தந்த வேட்பாளர் பட்டியலிலிருந்து நிரப்பப்படும். உரியதைவிட அதிகத் தொகுதிகளில் வென்றால் சபையின் அளவு கூடும்.

கே: இதில் குறையே இல்லையா? (வாசகர், நாகர்கோவில்)

ப: உண்டு. பட்டியல் இடம் பெற 5 சதவீத ஓட்டு அல்லது ஒரு தொகுதி வெற்றி தேவை. 2008-ல் 4.07 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சிக்கு ஒன்றுமில்லை. எப்சம் தொகுதியை வென்ற ஏசிடி கட்சி 3.65 சதவீதத்துக்கு ஐந்து இடங்கள் பெற்றது. ஒரு தொகுதியின் முடிவு நாடு முழுவதன் கணக்கை இப்படிப் புரட்டுவது தவறு. வாலஸ் ஆணையம் முதலில் சொன்ன வரம்பு 4 சதவீதம். அதை 5 ஆக்கியது நாடாளுமன்றம். வரம்பை 4 ஆக்கி, ஒரு தொகுதி விதியையும் நீக்கச் சொன்ன தேர்தல் ஆணையத்தின் 2012 பரிந்துரை சட்டமாகவில்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த விதியால் பலனடையும் கட்சிகளே.