பழைய சீட்டித் துணியும் இன்றைய வடிவமைப்பும்: கேள்வி பதில்

கே: லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் 2015இல் இந்தியத் துணிகளுக்கென்று ஒரு கண்காட்சி நடந்ததே. பழைய துணிகளோடு இன்றைய வடிவமைப்பாளர்களின் வேலையையும் எதற்கு வைத்தார்கள், மேடம்?

ப: பழையதை மட்டும் வைத்தால் அந்தக் கைவேலை செத்துப்போனது என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். ஆனால் பூவும் கொடியும் ஒத்துப்போகின்றன என்பதற்காக மட்டும் புதியதைப் பக்கத்தில் வைப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. செய்முறையில் உறவு இருந்தால்தான் இரண்டும் பேசும்.

கே: பருத்தித் துணியில் கையால் எழுதிச் சாயம் ஏற்றியவைதானே சீட்டிகள்? 18ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரைச் சீட்டிகளில் பல இலைகள் நீலமாக இருக்கின்றன. என் டிசைனிலும் அப்படியே போட்டிருக்கிறேன். சரிதானே?

ப: அழகாகத்தான் இருக்கும், தாராளமாகப் போடுங்கள். ஆனால் அன்று அவை பச்சை. அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் சாயத்தைத் தீட்டித்தான் பச்சையை வரவழைத்தார்கள். மஞ்சள் வெயிலுக்கும் சலவைக்கும் தாங்காமல் போய்விட, நீலம் மட்டும் நின்றுவிட்டது.

சிவப்பு அப்படிப் போகாது. கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் எழுதும் கோடு பரவாது. பிறகு படிகாரக் கரைசலால் எழுதி, சிவப்புத் தரும் சாயவேரோடு கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய நிறம் துவைத்து வெயிலில் போடப்போட வெளுத்துவிடும். கறுப்புக்கு வெல்லத்தில் இரும்பை ஊறவைத்த காடி. அவுரியில் தோய்க்கும்போது நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசுவார்கள். இத்தனையையும் திரும்பக் கற்று இன்று சீட்டி எழுதுபவர் பெங்களூரு ரேணுகா ரெட்டி. அவர் துணியைப் பழைய துணிக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

கே: நம் பக்கத்தில் இந்த வேலை இருக்கிறதா?

ப: தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகச் செய்த கோடாலிக் கருப்பூர் சேலையைத் தேடிப் பாருங்கள். சரிகை சேர்த்து நெய்த துணியிலேயே எழுதிச் சாயம் ஏற்றினார்கள். கையால் எழுதிச் சாயம் ஏற்றும் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயிலில் தொங்கவிடும் குழாய் வடிவத் தொம்பை, குடை, விதானத் துணி என்று இன்றும் எழுதுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் அந்த அளவுகளிலிருந்தே தொடங்கலாமே! ஏன் எல்லோரும் துப்பட்டாவுக்கே ஓடுகிறார்கள்?

கே: துணியை விட்டு ஒரு கேள்வி. தந்தம் பதித்த பழைய விசாகப்பட்டினத்து மேசைகளை இன்று செய்ய முடியுமா?

ப: தந்தத்தில் முடியாது, சட்டம் விடாது. ராஜஸ்தானில் ஒட்டக எலும்பைப் பதித்துச் செய்கிறார்கள். ஆனால் எலும்பு சிறு துண்டுகளாகத்தான் கிடைக்கும். பெரிய தந்தத் தகட்டுக்கு வரைந்ததை அதில் அப்படியே ஏற்றாமல், துண்டின் அளவுக்குப் புதிதாக வரையுங்கள்.